ஏழாம் நம்பர்

காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம்,
எல்லாவற்றுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயர்.
பள்ளத்தூர் வயிரவன் சவுண்ட் சர்வீஸ், நான்தான்.
கானாடுகாத்தானில் ஓட்டலாகிப்போன பெரிய வீட்டுக்கு
ஒரு சனிக்கிழமை ராத்திரி வரச் சொன்னார்கள்.
ஒரகடத்தில் பிரேக் செய்கிற கம்பெனியாம்.
ஜப்பான்காரர் ஐந்து பேர்.

பட்டியல் முன்னாடியே வந்துவிட்டது, எல்லாம் இங்கிலீஷ் பாட்டு.
குரலை எடுத்துவிட்டு மியூசிக்கை மட்டும்
பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான் ரிசப்ஷன் செபஸ்தி.
எனக்குப் பெயர் ஓடாது, நம்பர்தான் ஓடும்.
ஒன்று முதல் பதினாலு.

மேனேஜர் அடைக்கலம் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார்:
இந்த டைல்ஸ் உங்க ஊர்ச் சரக்கு, கப்பலில் வந்தது.
ஐவரும் மரியாதையாகக் குனிந்து நிமிர்ந்தார்கள்.
அப்புறம் சுவரை விட்டுவிட்டு
என் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.
ஒருத்தர் எக்கோ திருகைத் தொட்டு
இன்னும், என்றார் விரலால்.
இன்னும்.
மாசி மகத்தில் காணாமல்போன பிள்ளையை
அறிவிக்கும்போது வைப்பேனே, அந்த அளவுக்கு.

மூன்றாம் நம்பர், தகேஷிதா.
சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருந்த மனுஷன்
இல்லாத கிடாரை இடுப்பில் மாட்டி
வளவுத் தூணில் சாய்ந்து வாசித்தார்.
முடிந்ததும் நெற்றியைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து,
இல்லாத கிடாரைப் பத்திரமாகக் கீழே வைத்தார்.
சத்தியமாக வைத்தார்.

ஒன்பதாம் நம்பரில் தோள்மேல் தோள் போட்டு ஐந்து பேரும்.
லா லா லா என்று போகவேண்டிய இடமாம்,
ரா ரா ரா என்று போனது.
செபஸ்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வாளப்பளம் என்று வாசித்துவிட்டு
நாலாம் வகுப்பில் பெஞ்சுமேல் நின்றவன் நான்.
என் கடை போர்டில்கூட பெயிண்டர் எழுதியது ‘ஒளிபெருக்கி’.
பதினெட்டு வருஷமாக
அதைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை கைதட்ட மட்டும் செய்த ஒகுமுரா எழுந்தார்.
ஏழு, என்று விரல் காட்டினார், ஐந்தும் இரண்டும்.
மைக்கை இரண்டு கையாலும் வாங்கினார்,
விபூதிக்கு ஏந்துகிற மாதிரி.
மெதுவான பாட்டு.
போனைப் பார்க்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை.
முடிந்ததும் மறுபடி ஐந்தும் இரண்டும்.
மறுபடியும்.
நாலாவது தடவை பாதியில் கரண்ட் போனது.

அவர் நிறுத்தவில்லை.
எக்கோ இல்லாமல்தான் தெரிந்தது
எவ்வளவு சின்னக் குரல் அது என்று.
நிலைப்படி தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போயிருக்காது.
மற்ற நாலு பேரும் சேர்ந்து பாடவில்லை,
செபஸ்தி மெழுகுவத்தி தேடப் போனவன் போகவில்லை.
மகள் கல்யாணத்தன்று லைன் நிற்கக்கூடாதென்று
இங்கேயே இருந்துவிட்டாராம்.
டிரைவர் சொன்னது.
டிரைவர்கள் நிறைய சொல்வார்கள்.

காலையில் விசிட்டிங் கார்டை இரண்டு கையால் நீட்டினார்.
என்னிடம் கார்டு இல்லை.
ரசீதுப் புத்தகத்தை
நானும் இரண்டு கையால் நீட்டினேன்.

அடுத்த வாரம் கோட்டையூரில் புதுவீடு.
அவசரத்தில் அதே பென் டிரைவ், விநாயகருக்குப் பதில் ஏழு.
நிறுத்தப் போன கை நிற்கவில்லை,
வாய் ரா ரா என்று தானாகக் கூடப் போனது.
எந்தச் சர்ச்சுப் பாட்டு, வயிரவா? என்றார் வீட்டுக்காரர்.
ஜப்பான் பாட்டுங்க, என்றேன்.

போன மாசம் காரைக்குடி செல்போன் கடையில்
அதையே ஒரு வெள்ளைக்காரன் பாடக் கேட்டேன்.
நல்ல சாரீரம். லகரம் எல்லாம் சுத்தம்.
ஆனால் என்னமோ
தப்புத் தப்பாகப் பாடுகிற மாதிரி இருந்தது.
எக்கோவும் பத்தவில்லை.